இலவசமாகக் கிடைப்பது யாருக்கு?

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகப் பாடங்களே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மகன் யூடியூப் பார்த்தே நிரல் எழுதக் கற்று வேலைக்கும் போய்விட்டான். இப்போது போன் இல்லாத வீடு ஏது? இனியும் ‘வாய்ப்புக் கிடைக்கவில்லை’ என்பது சோம்பேறிகள் சொல்லும் சாக்குதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகனுக்கு என் வாழ்த்துகள். அவர் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீடியோ பார்த்த பிறகு நிரலை எழுதிப் பார்த்திருப்பார். பிழை வந்திருக்கும், வெகுநேரம் மல்லுக்கட்டியிருப்பார். அதற்குக் கையில் ஒரு கணினி வேண்டும், யாரும் வந்து பிடுங்காத நேரமும் வேண்டும்.

வீட்டுக்கே ஒரு போன் என்றால் கதை வேறு. பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நண்பனின் போனில் விண்ணப்பம் நிரப்பினால் ஓடிபி அப்பாவுக்குப் போகும். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடும். சாயங்காலம் போன் வீடு திரும்பும்போது சார்ஜ் இருக்காது. இருந்தால் தங்கைக்கு வீட்டுப்பாடம் இருக்கும். கணக்கெடுப்பில் இதுவும் ‘போன் உள்ள வீடு’தான்.

கல்லூரியைப் பாதியில் விட்டும் ஜெயித்தவர் என்று பில் கேட்ஸைக் காட்டுவார்கள். 1968-இல், அவருக்கு 13 வயதாகும் சமயத்தில், சியாட்டிலில் அவர் படித்த லேக்சைடு என்ற தனியார் பள்ளிக்கு டெலிடைப் இயந்திரம் ஒன்று வந்தது. தொலைபேசி வழியே எங்கோ இருக்கும் கணினியை அதில் இயக்கலாம். செலவுக்கு மாணவர்களின் அம்மாக்கள் பழைய சாமான்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். கல்லூரி மாணவர்கள் பலருக்கே கணினி எட்டாத காலம் அது! லேக்சைடு இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் இல்லை என்று கேட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாம்தான் அதை விட்டுவிட்டு, அவர் கல்லூரியை விட்டதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சரி, எல்லாருக்கும் கருவியைக் கொடுத்துவிட்டால்? பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் அதனால் முன்னேற்றம் தென்படவில்லை என்றது 2012-இல் வந்த ஆய்வு. சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

‘இணையவழி விண்ணப்பம் மட்டுமே ஏற்கப்படும்’ என்று அறிவிக்கும் அலுவலகம், தன் வாசலிலேயே ஒரு கணினியையும் உதவிக்கு ஓர் ஆளையும் வைக்கட்டும். அதுகூட இல்லாத இடத்தில் விண்ணப்பிக்காதவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்.