கேள்வி – பதில்: விளையாட்டுப் பெட்டிக்குள் தேசப்படம்

கேள்வி: மொனோபொலி பலகைக்குள் தேசப்படம் ஒளித்து, ஜேர்மனியர்களிடம் பிடிபட்ட பிரித்தானியப் படையினருக்கு அனுப்பினார்களாம். மகன் போனில் காட்டினான். புளுகா, உண்மையா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: புளுகில்லை அம்மா. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவில் எம்ஐ9 என்றொரு இரகசியப் பிரிவு இருந்தது, 1939 டிசம்பரில் தொடங்கியது, பிடிபட்டவர்களைத் தப்ப வைப்பதே அதற்குப் பிழைப்பு. அங்கே சாமான் கண்டுபிடிக்கிற மனுஷன் கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன். காகிதப் படம் உடுப்புக்குள் இருந்தால் சரசரக்கும், நனைந்தால் கூழாகும் என்று பட்டுத் துணியில் அச்சடிக்கப் பார்த்தார். மை ஊறிப் பரவிவிட்டது. கடைசியில் ஜாம் இறுகக் காரணமான பெக்டினை மையில் கலந்த பிறகுதான் கோடு கோடாக நின்றது. அச்சடித்துக் கொடுத்தது லீட்ஸ் நகரத்து வாடிங்டன் கம்பெனி. பிரித்தானியாவில் மொனோபொலி போட்டதும் அவர்களேதான், பிறகு பலகைக்குள் படம் வைக்க வேறு ஆள் தேடுவானேன்? எந்தப் பெட்டியில் எந்த நாட்டுப் படம் என்பதற்கு அடையாளம், பலகையில் ஓர் இடத்தின் பெயருக்குப் பின்னால் தேவையில்லாமல் கிடக்கும் ஒரு முற்றுப்புள்ளி.

எனக்குப் பிடித்தது சட்டைப் பொத்தான். திருகித் திறந்தால் உள்ளே குட்டித் திசைகாட்டி. காவலர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டதும் மரையை மறுபக்கமாக வெட்டிவிட்டார்கள், வழக்கம்போல் திருகுகிறவன் திருகத் திருக அது இறுகிக்கொண்டே போகும்!

ஆனால் இதையெல்லாம் செஞ்சிலுவைச் சங்கப் பார்சலில் வைக்கவே இல்லை. வைத்திருந்தால் சுலபம்தான். ஒன்று பிடிபட்டாலும் எல்லாருக்கும் வருகிற சாப்பாட்டுப் பார்சல் நின்றுபோகும், முகாமில் பலர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தப் பார்சலால்தான். அதனால் இல்லாத தர்ம சங்கங்களின் பெயரில் பொய்யாக லெட்டர்ஹெட் அடித்து, சீட்டுக்கட்டு, சதுரங்கம் என்று அனுப்பினார்கள். பொத்தானைவிட இந்தக் கட்டுப்பாடுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

கேள்வி: தியத்தலாவையிலும் போர்க் கைதிகள் இருந்ததாகத் தாத்தா சொல்லுவார். அவர்களுக்கும் இப்படி ஏதாவது வந்ததா?
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: தாத்தா சொன்னது சரி. தென்னாப்பிரிக்கப் போரில் பிரித்தானியர் பிடித்த போயர்களை, அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சத்தாரை, 1900இல் கொண்டுவந்தார்கள், ஏறக்குறைய 5,000 பேர், தகரக் கொட்டகைகளில். ஒளித்த திசைகாட்டி அவர்களுக்கு வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை, வந்திருந்தாலும் என்ன பிரயோசனம்? ஹப்புத்தளைக் கணவாயில் நின்று தெற்கே பார்த்திருப்பீர்கள், வானம் வெளித்த நாளில் கடல்வரை தெரியும். அதற்கப்பால் வடக்கு எது தெற்கு எது என்று தெரிந்து யாருக்கு லாபம், கப்பல் அல்லவா வேண்டும்.

அதைப் புரிந்துகொண்ட ஐந்து பேர் மலைக்கு ஏறவே இல்லை. 1901 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து இராத்திரியில் கடலில் இறங்கி, பக்கத்தில் நின்ற ரஷ்யக் கப்பலுக்கு நீந்திப் போய்விட்டார்கள். ரஷ்யா, ஜேர்மனி என்று உலகத்தைச் சுற்றி, தென்மேற்கு ஆப்பிரிக்கா வழியாக மறுபடி தங்கள் சண்டைக்கே போய்ச் சேர்ந்தார்கள். பட்டுப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை.