சிங்கப்பூர் வீவக (HDB) அடுக்குமாடி வீட்டில் சான் மார்சானோ தக்காளியை விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

முடியும். செடி தாராளமாக வரும், காய்தான் பிரச்சினை.

விதையை இணையத்தில் வாங்கி, செடி இடுப்பளவு வளர்ந்து, பூவெல்லாம் காம்போடு உதிர்ந்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்நேரம் யாராவது உங்களிடம் "இதுக்கெல்லாம் கைராசி வேணும்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னது என் நாத்தனார். திருச்சியிலிருந்து வீடியோ காலில், தன் மாடித் தோட்டத்தைக் காட்டிக்கொண்டே. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

கைராசியெல்லாம் இல்லை. ராத்திரிப் புழுக்கம்தான் காரணம். தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்கு மேலே போகப் போக மகரந்தம் கெட்டு, பூ கொட்டும். இங்கே விடியற்காலையிலேயே 24, 25 டிகிரி. சான் மார்சானோ இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து ரகம். நம் ராத்திரி அதற்குப் பழக்கமில்லை. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து இவ்வளவு தக்காளி வருகிறதென்றால் அங்கே ராத்திரி குளிருகிறது. திருச்சியிலும் மார்கழி, தையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். நாத்தனாரிடம் இதைச் சொன்னேன், "சிக்னல் சரியில்ல" என்றார்.

வெப்பம் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன, செர்ரித் தக்காளி சுலபமாகக் காய்க்கும் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். கேட்டது சான் மார்சானோ. தொக்குக்கு அதன் சதைதான் வேண்டும். சாறும் விதையும் குறைவு, சீக்கிரம் சுண்டிவிடும்.

ஊர்க்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து ஆடிப் பட்டத்தில் விதைக்காதீர்கள். இங்கே கொஞ்சமாவது குளிர்வது டிசம்பர், ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில். அப்போது பூ இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியில் விதைக்க வேண்டும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: நாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஜூனில் வடக்கே. உட்லண்ட்ஸில் என் வீட்டு வாசலில் உள்ள திறந்த காரிடார் தெற்கு பார்த்தது. குளிர்கிற மாதத்தில்தான் வெயிலும் உள்ளே விழுகிறது. மழை மூட்டம் போக மிச்சம்தான், இருந்தாலும் போதும். மேலே கூரை இருப்பதால் மழையும் நேரே அடிக்காது. வடக்கு பார்த்த காரிடாருக்கு வெயில் வருவது ஜூனில், ராத்திரி வேகிற மாதத்தில். அவர்களுக்கு நான் கத்திரிக்காய்தான் சொல்வேன்.

எங்கள் மாடிக்குத் தேனீ வருவதில்லை. தக்காளிப் பூ தன்மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அதிர்வு வேண்டும். காலையில் பூங்கொத்தின் காம்பில் பேட்டரி பல்துலக்கியை ஒரு நொடி வைத்து எடுப்பேன். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும். அப்படிச் செய்த பருவத்தில் காய் பிடித்தது. கூடை கூடையாக இல்லை, இரண்டு தடவை தொக்கு கிண்டுகிற அளவு. படத்தை நாத்தனாருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நீளக் காய் ரகங்களில் அடிப்பகுதி கறுத்து அழுகுவது அதிகம். முட்டை ஓட்டைக் கொட்டச் சொல்வார்கள். மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து இருக்கும். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. தொட்டி 20 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். காரிடார் காற்றுக்குச் சின்னத் தொட்டி மத்தியானத்துக்குள் வறண்டுவிடும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கினால் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். மண்ணோடு கட்டித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தினமும் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும், அபராதமும் வரும். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நான் டேப் வைத்து அளந்துதான் தொட்டிகளை வைத்திருக்கிறேன். அப்படியும் என் செடிகள் மேல் புகார் போனது. இரண்டு வீடு தள்ளி மூன்று சைக்கிள், ஒரு காலணி அலமாரி, யாருக்கும் வேண்டாத ஒரு மீன் தொட்டி, அதில் மழைத் தண்ணீர். அதன் மேல் புகார் இல்லை! பார்க்க வந்தவரிடம் மீன் தொட்டியைக் காட்டினேன். "அது வேற கேஸ் மேடம்" என்றார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் காரிடார் எந்தத் திசை பார்த்தது என்று கேள்வியில் இல்லை. அதைச் சேர்த்துவிடுங்கள். தெற்கு என்றால் செப்டம்பர் கடைசி வரை விதையை ஃபிரிட்ஜில் ஈரம் படாமல் வைத்திருங்கள்.