சிவப்புப் பட்டையும் நீல வானமும்

அன்புள்ள ஐயா,

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவிலுள்ள சிவப்புப் பள்ளிவாசலைப் படமெடுத்தேன். வண்ணத்தில் எடுப்பாக இருந்த படம், ஃபோட்டோஷொப்பில் நிறத்தை நீக்கும் ‘டீசச்சுரேட்’ கட்டளையைக் கொடுத்ததும் களையிழந்துவிட்டது. சிவப்புப் பட்டைகளும் வானமும் ஒரே சாம்பலாகிவிட்டன. ‘ரெட் ஃபில்டர்’ முன்னமைவைப் போட்டால் பட்டைகளே மறைகின்றன. கமராவிலேயே மொனோகுரோமில் (கறுப்பு வெள்ளையில்) எடுத்திருக்க வேண்டுமா?

— க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

பிழை கமராவில் இல்லை. ‘டீசச்சுரேட்’ கட்டளை, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குரிய மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறதே தவிர, அது எந்த நிறம் என்று பார்ப்பதே இல்லை. சுவரின் சிவப்பு 170, 50, 50 என்றும் வானம் 60, 110, 160 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் விடை 110தான். கண்ணின் உணர்திறனை ஒட்டிச் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு பிரிக்கும் வழமையான சூத்திரத்தில் அவையே 86, 101 என விலகுகின்றன. இந்த விலகலும் போதாது. மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அதற்கென்றே ‘பிளாக் அன்ட் வைட்’ என்னும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (மூலப் படத்தை மாற்றாமல் அதன்மேல் இடும் திருத்த அடுக்கு) 2007இல் வந்த ஃபோட்டோஷொப் சி.எஸ்.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதிலுள்ள ஆறு ஸ்லைடர்களில் சிவப்பை இடப்பக்கம் இழுத்தால் பட்டைகள் கருக்கும். நீலத்தைத் தொடாமல் விடுங்கள், அல்லது சற்றே கூட்டுங்கள். வெள்ளைப் பட்டைகளில் நிறமே இல்லாததால் எந்த ஸ்லைடரும் அவற்றை அசைக்காது. ‘ரெட் ஃபில்டர்’ இதற்கு நேரெதிரான வேலையைச் செய்கிறது: சிவப்பை வெளுக்கச் செய்து நீலத்தை இருட்டாக்குகிறது. வெண்முகில் மிதக்கும் வானத்துக்கு அது பொருத்தம். சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நிற்கும் ஒரு கட்டடத்துக்கு அதைப்போல் கேடு வேறில்லை. (முன்னமைவுகளைக் காசு கொடுத்து வாங்குவோரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

படத்தின் முன்புறத்தில் கைவண்டி தள்ளும் நாட்டாமைத் தொழிலாளி யாராவது இருந்தால் கவனம் தேவை. நம் தோல் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால், பட்டைகளுக்காகச் சிவப்பைக் குறைக்கும்போது அவர் முகமும் சேர்ந்து இருண்டுபோகும். லைட்ரூம் மென்பொருளில் செம்மஞ்சளுக்குத் தனி ஸ்லைடர் இருப்பதால் அங்கே ஓரளவு சமாளிக்கலாம். ஃபோட்டோஷொப்பில், அந்த லேயரின் விளைவு எங்கே படக்கூடாது என்று குறிக்கும் லேயர் மாஸ்க்கில் முகத்தின்மேல் கறுப்புத் தூரிகையால் தீட்டி, அதற்கு மேலே முகத்துக்கென்று இன்னொரு ‘பிளாக் அன்ட் வைட்’ லேயரை இடுவதே வழி. நீலத்தை மிகையாகக் குறைத்தாலும் வானத்தில் பொரிப்பொரியாக நொய்ஸ் தெரியத் தொடங்கும், ஜேபெக் (JPEG) கோப்பாயின் கட்டங்கட்டமாகவும் உடையும்.

மொனோகுரோமில் எடுப்பதாயின், கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ (RAW) கோப்பாகவே எடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரிந்தாலும் கோப்புக்குள் நிறங்கள் அப்படியே இருக்கும். ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான்; பிறகு எந்த ஸ்லைடரை இழுத்தும் சுவரையும் வானத்தையும் பிரிக்க முடியாது.