மறுமொழி: வெற்றுக்கல்லில் எழுத்து எப்படி?

சீனாவின் சியான் நகர் அருகே, சியான்லிங் அரச கல்லறையில், எழுத்தே பொறிக்காமல் நிறுவிய ‘வெற்றுக்கல்’ என்ற நினைவுக்கல்லை எடுத்த படத்தில் எழுத்து தெரிகிறது, தவறான கல்லைப் படமெடுத்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சரியான கல்தான். உச்சியில் பின்னிக்கிடக்கும் டிராகன்களைப் பாருங்கள்; அது கிழக்குப் பக்கத்துக் கல், 705இல் இறந்த பேரரசி வூ செதியனுடையது. எதிரே மேற்கில், ஏழு அடுக்காக நிற்பது அவர் கணவர், தாங் வம்சப் பேரரசர் காவ்சோங்குக்கானது. அதன் புகழுரையை எழுதியதே இந்த அம்மாதான்!

வெற்றுக்கல் காலியாக நின்றால் சும்மா விடுவார்களா? நம்மூர்க் கோட்டைச் சுவரில் பெயர் கீறுவது போலத்தான், ஆனால் இங்கே கீறியவர்கள் அதிகாரிகள். பின்னால் வந்த சோங், ஜின் வம்சங்களின் காலத்திலிருந்து பலர் பொறித்தார்கள். அதில் 1134ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கித்தான் என்ற பழைய வடநாட்டு மக்களின் எழுத்தில், பக்கத்திலேயே சீன மொழிபெயர்ப்போடு இருக்கிறது. அந்த எழுத்தை வாசிக்க முயல்பவர்களுக்கு அது புதையல்.

ஏன் காலியாக விட்டார்கள் என்பதற்கு அடக்கம், ஆணவம், மகனின் தயக்கம் என்று ஆளுக்கொரு கதை. எதற்கும் ஆதாரம் கிடையாது. வழிகாட்டி உறுதியாகச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

அப்புறம், பெய்ஜிங் பக்கம் போனால் மிங் வம்சப் பேரரசர்களின் கல்லறைகளிலும் வெற்றுக்கற்கள் உண்டு.