செப்டம்பரில் வந்த கோழிகளும் பழுக்காத தக்காளியும்

தம்பி, இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வீடு வாங்கி, பின்பக்கம் தக்காளி, பீன்ஸ் எல்லாம் போட்டு, போன வாரம் நான்கு வெடைக்கோழிகளும் கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தக்காளி பச்சையாகவே நிற்கிறது, கோழி முட்டை வைக்கவில்லை, மீந்த சோற்றை அதற்குப் போடலாமா, குளிருக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த நாட்டில்தான் ரொம்ப வருடமாகக் கோழியும் தோட்டமும் வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சோறு. போடாதீர்கள். நம் ஊரில் கோழி வளர்ப்பதே மீந்ததைத் தின்னத்தான், ஆனால் இங்கே வீட்டுச் சமையலறைக்குள் போய் வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். நறுக்கிய முட்டைக்கோஸின் வெளி இலைகூடச் சேர்த்தி. இறைச்சி, முட்டை, பால், தயிர், நெய் எதுவுமே புழங்காத வீகன் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாம் சைவம் என்றாலும் மோர் இருக்கிறதே, அதனால் செல்லாது. 2001இல் கோமாரி நோய் நாடு முழுக்கப் பரவியது. சரியாக வேகவைக்காத கழிவுணவைப் பன்றிக்குப் போட்டதில் தொடங்கியதாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கெடுபிடி. தோட்டத்தில் பறித்த கீரையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேராகக் கோழிக்குப் போட்டால் தப்பில்லை. ஆனால் தக்காளிச் செடி, உருளைக்கிழங்கு இலை, பச்சை பிடித்த கிழங்கு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடியின் இலை இவையெல்லாம் அதற்கு விஷம். இப்போது செடிகளைப் பிடுங்கும் நேரம் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

பதிவு செய்துவிட்டீர்களா? 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்தில் பதிய வேண்டும், வாங்கிய ஒரு மாதத்துக்குள். காசு கிடையாது, ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பறவைக் காய்ச்சல்தான் காரணம். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்தும் அன்னமும் வலசை வரும்போது அது கூடவே வரும். சில வருடம் எல்லோரும் கோழியை மூடிய இடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். அதனால் கோழி உலாவும் இடத்துக்கு இப்போதே கூரை போட்டு, பக்கத்தில் வலை அடித்துவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை பாருங்கள், சிலவற்றில் கோழி வளர்க்கக் கூடாது என்றே எழுதியிருக்கும்.

அப்புறம் முட்டை. தக்காளிக்கு இப்போது குறைவது சூடு, கோழிக்குக் குறைவது வெளிச்சம். நம் ஊரில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் பகல், டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. செப்டம்பரில் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 4 நிமிடம் கழிகிறது. கோழி நன்றாக முட்டை வைக்கச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். பண்ணைக் கலப்பினம் என்றால் முதல் குளிர்காலத்தில் அதற்குக் குறைவான வெளிச்சத்திலும் வைக்கும். நாட்டு இனம் என்றால் பிப்ரவரி வரை பேசாமல் இருக்கலாம். கொண்டை சிவந்து தடிக்கிறதா பாருங்கள். முட்டைக்குத் தயாரான கோழி, முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனால் ஓடாமல் சிறகை லேசாக விரித்து அப்படியே குந்திக்கொள்ளும். அப்படிச் செய்தால் ஓரிரு வாரத்தில் முட்டைதான். கூட்டுக்குள் பல்பு போடச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் இஷ்டமில்லை. குளிரில் கோழியும் ஓய்வெடுக்கட்டும். முட்டைக் கோழித் தீவனமும், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளும், கொஞ்சம் சிறு கல்லும் இருந்தால் போதும்.

நரிதான் பெரிய தலைவலி. ஊருக்குள்ளேயே அலையும், பட்டப்பகலில் வேலி மேல் நடக்கும். கோழிவலை என்று விற்கும் அறுகோண மெல்லிய கம்பியை அது பல்லாலேயே கிழித்துவிடும். கெட்டியான வெல்டு வலை வாங்கி, கீழே வெளிப்பக்கமாக ஓர் அடி மண்ணோடு படிய மடித்துப் போடுங்கள், தோண்ட முடியாது. புதுக் கோழிகளைச் சில நாள் கூட்டை விட்டு வெளியே விடாதீர்கள். எங்கே அடைய வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பிறகு இருட்டும்போது தானே போய் ஏறிக்கொள்ளும். கதவை மூட ஆள் வேண்டுமே, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். வெளிச்சம் பார்த்துத் தானே மூடும் கதவு விற்கிறார்கள். இதில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, சிவப்பு உண்ணி. பகலில் மரச்சந்தில் ஒளிந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். இருட்டியபின் ஒரு வெள்ளைத் துணியால் கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் கூட்டைக் கழுவி மருந்தடிக்க வேண்டும்.

சரி, தோட்டம். தக்காளியின் நுனியையும் புதுப் பூவையும் கிள்ளிவிடுங்கள், இருக்கிற காய் பழுத்தால் போதும். இலையில் பழுப்புத் திட்டு பரவினால் கருகல் நோய், அன்றைக்கே நல்ல காய்களைப் பறித்துவிடுங்கள். அது இல்லாவிட்டாலும் முதல் உறைபனிக்கு முன் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு டிராயரில் வாழைப்பழத்தோடு போட்டால் மெல்லப் பழுக்கும். மீதிப் பச்சைக் காய் கடலைப்பருப்போடு கூட்டுக்கு அருமையாக இருக்கும், தொக்கும் போடலாம். கறிவேப்பிலை, மிளகாய்த் தொட்டிகளை இப்போதே ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள்.

காலியான பாத்திகளில் கோழியை விடுங்கள். மண்ணைக் கிளறி, நத்தையையும் புழுவையும் அவை பார்த்துக்கொள்ளும். கொத்தமல்லியும் கீரையும் இருக்கும் பாத்திக்கு மட்டும் வலை வேண்டும், அரை மணி நேரம் போதும் அவற்றுக்கு, மொத்தமும் காலி. எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். உதிர்ந்த இலையோடு குவித்து வையுங்கள், வசந்தத்துக்கு உரமாகும். வெந்தயத்தை இந்த வாரமே விதைத்தால் குளிருக்கு முன் ஒரு அறுப்பு கிடைக்கும். பூண்டை அக்டோபர், நவம்பரில் ஊன்றுங்கள். குளிர் பட்டால்தான் அது பல் பல்லாகப் பிரியும். மளிகைக் கடைப் பூண்டு வேண்டாம், பெரும்பாலும் வேறு நாட்டுச் சரக்கு. நாற்றுப் பண்ணையில் விதைப்பூண்டு கேட்டு வாங்குங்கள்.