மாத்திரைக்கு ‘ஈட்’ வராது

மாத்திரை சாப்பிட்டேன் என்பதை ‘ஐ ஏட் எ டேப்லெட்’ என்று எழுதியதை மேலாளர் திருத்திவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நம் ‘சாப்பிடு’ சோறு, காபி, மருந்து எல்லாவற்றையும் தாங்கும். ஆங்கிலத்தில் மருந்துக்கு ‘டேக்’ தான். மாத்திரையோ சிரப்போ, ‘ஐ டுக் எ டேப்லெட்’ என்று எழுதுங்கள். ‘ஸ்வாலோ’ தொண்டையில் இறக்கும் செயலை மட்டும் சொல்லும். மென்று தின்னாமல் அப்படியே விழுங்கச் சொல்லும்போது அது பொருந்தும்.

சூப்தான் சுவாரசியம். கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் எடுத்தால் ‘ஈட்’. அதையே கோப்பையில் ஊற்றி வாய் வைத்துக் குடித்தால் ‘டிரிங்க்’. பொருள் ஒன்று, உண்ணும் விதம் வினையை மாற்றிவிடுகிறது!

சிகரெட்டுக்கு நாம் ‘குடி’ என்போம், அங்கே ‘ஸ்மோக்’.

குழப்பமாக இருந்தால் சாப்பாடு, காபி இரண்டுக்குமே ‘ஹேவ்’ போடுங்கள். ‘ஐம் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி. அப்புறம், ‘கன்ஸ்யூம்’ பக்கம் அன்றாடப் பேச்சில் போகாதீர்கள். அது அறிக்கைக்கும் மின்சாரக் கணக்குக்கும் உரிய சொல். நண்பரிடம் சொன்னால் விறைப்பாக ஒலிக்கும்.