கேட்காமலே சேர்த்துவிடும் அரசு: பிரிட்டனின் 'நட்ஜ்' பற்றிக் கேள்வி பதில்

யாரையும் கட்டாயப்படுத்தாமல் அரசு எப்படி மக்களின் முடிவை மாற்றுகிறது?

கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தூண்டிவிடுவதன் மூலம். அதற்குத்தான் 'நட்ஜ்' என்று பெயர். பிரிட்டனின் பென்ஷனைப் பாருங்கள். முன்பு பல கம்பெனிகளில் தொழிலாளியே கேட்டுப் படிவம் நிரப்பினால்தான் பென்ஷன். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் விட்டுவிட்டார்கள். 2012 அக்டோபர் முதல் படிப்படியாக இதை மாற்றினார்கள். இப்போது 22 வயதாகி, ஒரு வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கினால் முதலாளியே சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்பவர்தான் சொல்ல வேண்டும். தனியார் துறையில் பாதிப் பேர்கூட பென்ஷனில் இல்லாத நிலை போய், தகுதியுள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் சேர்த்துவிட்டார்கள் என்பதாலேயே தொகை போதும் என்று நம்பாதீர்கள். பென்ஷனில் போட வேண்டிய குறைந்தபட்சம் 8 சதவீதம் (முதலாளி பங்கும் சேர்த்து) என்பது முழுச் சம்பளத்துக்கு இல்லை, 6,240 பவுண்டுக்கு மேலுள்ள பகுதிக்குத்தான். 25,000 வாங்குபவருக்கு 18,760-இல் 8 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 1,500 பவுண்டு. பேஸ்லிப்பை எடுத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விலகினால் பணம் திரும்ப வருமா?

ஒரு மாதத்துக்குள் விலகினால் வரும். பிறகு என்றால், போட்ட பணம் பென்ஷனிலேயே இருக்கும். விலகினால் முதலாளி போடும் 3 சதவீதமும் இனி வராது.

வரி கட்டாதவர்களுக்குக் கடிதம் எழுதியே வசூலித்தார்களாமே?

ஆமாம். 'பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்கு வரி கட்டுகிறார்கள், கட்டாத சிலரில் நீங்களும் ஒருவர்' என்ற பொருளில் கடிதத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். சீக்கிரம் கட்டியவர்கள் கூடினார்கள். கையில் பணமே இல்லாதவரிடம் இது வேலை செய்யாது.

உடல் உறுப்பு தானத்திலும் இதே முறைதானே? எல்லா நாடும் செய்யலாமே?

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். வேல்ஸ் 2015-லும் இங்கிலாந்து 2020-லும், 'மறுக்காதவர் சம்மதித்தவர்' என்று சட்டம் கொண்டுவந்தன. ஆனாலும் மருத்துவமனையில் குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்கிறார்கள். பென்ஷனில் பேசாமல் இருந்தாலே போதும். இங்கே துக்கத்தில் இருக்கும் ஒரு மனைவியோ மகனோ வாய் திறந்து 'சரி' சொல்ல வேண்டும். இறந்தவர் என்ன நினைத்தார் என்று தெரியாதபோது குடும்பம் தயங்குகிறது. தானத்துக்குச் சம்மதம் என்று அவரே பதிவு செய்திருந்தால் பத்துக்கு ஒன்பது குடும்பங்கள் ஒப்புக்கொள்கின்றன.

ஒத்துக்கொள்ள முடியாது. ஸ்பெயின் இதே சட்டத்தால்தானே உலகில் முன்னணியில் இருக்கிறது?

சட்டம் வந்தது 1979-இல். எண்ணிக்கை ஏறியதோ 1989-இல் உறுப்பு தானத்துக்கென தேசிய அமைப்பு ஒன்றை நிறுவி, மருத்துவமனைகளில் குடும்பங்களோடு பேசப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்திய பிறகு. பத்து வருடம் சட்டம் மட்டும் இருந்ததே, அப்போது ஏன் ஏறவில்லை?

அப்படியானால் இங்கிலாந்துச் சட்டம் வீணா?

வீண் என்று சொல்லமாட்டேன், அதைப் பற்றி வீடுகளில் பேச்சாவது எழுந்தது. ஆனால் 2020-க்குப் பிறகு அங்கே குடும்பச் சம்மத விகிதம் கூடவில்லை, குறைந்தது. கோவிட் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். இருந்தாலும் செலவழிக்க ஒரு பவுண்டு இருந்தால் அதை ஒருங்கிணைப்பாளருக்கே கொடுப்பேன்.

படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் பொய் சொல்லமாட்டார்களாமே?

அப்படிச் சொன்ன 2012 ஆய்வை 2021-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தரவில் மோசடி. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நட்ஜ் உண்மையிலேயே எவ்வளவு வேலை செய்கிறது?

பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஆய்வு இதழ்களில் வந்த சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி, அதாவது நூறு பேரில் சுமார் ஒன்பது பேர் கூடுதலாக மாறினார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் நடத்திய சோதனைகளில் 1.4. வித்தியாசத்துக்கு ஒரு காரணம், நன்றாக வந்த சோதனையே இதழ்களில் அதிகம் அச்சேறுகிறது. 1.4-உம் சும்மா இல்லை, கடிதத்தில் ஒரு வாக்கியம் மாற்றச் செலவு மிகக் குறைவு.

பென்ஷனிலிருந்து விலகலாமா?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

8 சதவீதம் போதும்தானே?

போதாது. இதையும் சொல்லிவிட்டேன்.

இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை, தலா 8,000 பவுண்டு. என்னை யாரும் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு வேலையையும் தனியாகப் பார்ப்பதால் நீங்கள் விடுபட்டுவிட்டீர்கள். இரண்டு முதலாளிகளுக்கும் எழுதிக் கேளுங்கள். 6,240-க்கு மேல் வாங்குவதால் அவர்கள் மறுக்க முடியாது, தங்கள் பங்கையும் போட்டாக வேண்டும்.